தொப்பையும் மூட்டையும்

1970களின் கொட்டாஞ்சேனையில் ஒருவருடைய உத்தியோகத்தை அறிய அவர் வயிற்றைப் பார்த்தால் போதும். சேர்ட்டின் கீழ்ப் பொத்தான் இழுபட்டு நின்றால் ஆள் கிளாக்கர், பென்ஷன் உண்டு, நம்பிப் பெண் கொடுக்கலாம். வயிறு ஒட்டி, தோளும் புயமும் திரண்டிருந்தால் துறைமுகத்திலோ புறக்கோட்டையிலோ மூட்டை தூக்கும் நாட்டாமை. வாசலோடு நிறுத்திப் பேசி அனுப்பலாம். கொழுப்பு கௌரவம், தசை கூலி. ஊருக்கு இதில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கையில் வாடகை வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் அப்பாவின் அக்கா, எங்கள் பெரிய மாமி, படியேறும்போதே, "தம்பி நல்லா உடம்பு வைச்சிட்டான்" என்பார். அப்பாவின் முகம் மலரும். அடுத்த கணம் மாமி எங்கள் பக்கம் திரும்பி, "பிள்ளையள் என்ன இப்பிடி வாடிக் கிடக்குதுகள்?" என்பார். அது அம்மாவின் மீதான குற்றப்பத்திரிகை. மாமி ஊர் திரும்பும்வரை எங்கள் கோப்பைகளில் நெஸ்டமோல்ட் ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

இன்று அந்த வாடிய பிள்ளைகளில் ஒருவன் வெள்ளவத்தையில் டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சீனி வருத்தம் வாசல்வரை வந்து நிற்கிறது, ஈரலில் கொழுப்பு. "நிறை குறைய வேணும் ஐயா. ஆனா தசை குறையக் கூடாது. அதுக்கேத்த சாப்பாட்டு முறை ஒண்டைத் தெரிவு செய்யுங்கோ" என்கிறார். இதை அப்பாவிடம் யாராவது சொல்லியிருந்தால், "அப்ப என்னை நாட்டாமையாப் போகச் சொல்லுறியளோ?" என்று சீறியிருப்பார்.

தெரிவு செய்வதாம்! எங்கள் காலத்தில் சாப்பாட்டு முறையைத் தெரிவு செய்கிற சிரமத்தை அரசாங்கமே ஏற்றுக்கொண்டிருந்தது. 1970 தேர்தலில், சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து வாரம் இரண்டு கொத்துத் தருவோம் என்று மேடைகளில் முழங்கியதாக இன்றும் சொல்வார்கள். மனிதன் சந்திரனில் இறங்கி ஓராண்டுகூட ஆகாத நேரம், சனம் நம்பியது. சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமரானார், என்.எம். பெரேரா நிதியமைச்சரானார். 1973இல் உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. கையில் அந்நியச் செலாவணி இல்லை. கூப்பன் அரிசி சுருங்கியது. சீனி அளந்து வந்தது. பாணுக்கு விடியற்காலையிலேயே கியூ. சாப்பாட்டுக் கடைகளில் வாரத்தில் குறித்த நாட்களில் சோறு விற்கத் தடை. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகவும் கட்டுப்பாடு. வீதியில் தடை போட்டுப் பையைக் கிளறினார்கள்.

பெரிய மாமி இதற்கெல்லாம் அஞ்சுகிறவரல்லர். அந்த ஆண்டுகளில் அவர் யாழ்தேவியில் வரும்போது ஒரு தலையணையும் கூடவே வரும். பயணம் முழுக்க அதில் சாய்ந்துகொண்டு வருவார். கோட்டை ஸ்டேஷனில் இறங்கும்போது பிள்ளையைப்போல இடுப்பில் ஏந்திக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் கதவைப் பூட்டி, உறையின் தையலைச் சவர அலகால் மெல்லப் பிரிப்பார். பரந்தன் வயல் புழுங்கலரிசி சுளகில் சரசரவென்று கொட்டும். கடைசி அரிசி உதிரும்வரை உறையை உதறிவிட்டு, தலைநிறைய எண்ணெய் வைத்திருந்ததால் அரிசியில் கொஞ்சம் வாசம் இருக்கும், கழுவிப்போட்டுச் சமையுங்கோ என்று அம்மாவுக்குப் புத்தி சொல்வார்.

தலையணை வராத நாட்களில் மரவள்ளிதான். அவித்த கிழங்கு, கட்டைச் சம்பல், நெத்தலிக் கருவாட்டுப் பொரியல், அவித்த கௌபி. பள்ளிக்கூடத்தில் கேயர் பிஸ்கட் அல்லது ஒரு பணிஸ். தேநீருக்குச் சீனி போடமாட்டார்கள். உள்ளங்கையில் ஒரு துண்டுச் சக்கரை, அதை நக்கி நக்கிக் குடிக்க வேண்டும். பஸ் வராது, நடக்க வேண்டும். இந்தப் பட்டியலை இன்று வெள்ளவத்தையில் எந்த உணவு ஆலோசகரிடம் நீட்டினாலும் பாராட்டுவார்: வெள்ளை மா கொஞ்சம், சீனி இல்லை, பொரியல் அரிது, நடை தாராளம். ஆலோசனைக் கட்டணம் மட்டும் அந்த அரசாங்கம் வாங்கவில்லை.

ஆனாலும் இதில் ஏமாந்து பெருமூச்சு விடுவது பொல்லாத விளையாட்டு. அதே ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் கூப்பன் மாவும் அரிசியும் போதாமல் பட்டினி கிடந்தார்கள். 1974இல் அங்கே இறப்பு வீதம் பாய்ந்து ஏறியது. பசி பொறுக்காமல் இறங்கி வந்த குடும்பங்கள் கொழும்பு வீதியோரங்களில் கையேந்தின. எங்கள் ஒழுங்கையிலும் தகரக் குவளையோடு வந்து நின்றார்கள். அவர்களும் மெலிந்தவர்கள்தான். அவர்களிடம் குறைந்தது கொழுப்பல்ல, உடம்பேதான். மெலிவுக்கும் சுகத்துக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் அந்தக் குவளையைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

நாங்களும் மெலிந்துதான் இருந்தோம்; தசை வைத்ததாகச் சொல்ல முடியாது. ஊருக்குள் அதைச் சம்பாதித்திருந்தவர்கள் நாட்டாமைகள் மட்டுமே. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில், பள்ளிக்கூடம் விட்டதும் வேடிக்கை பார்த்து நிற்போம். லொறியின் பின்கதவு விழும். ஒருவர் வெறுஞ்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டு முதுகைக் காட்டிக் குனிவார். மேலே நிற்கிற இருவர் கொக்கியால் மூட்டையை இழுத்து அவர் பிடரியில் சாய்ப்பார்கள். ஒன்றரை அந்தர் வரும் மூட்டை. முழங்கால் ஒரு கணம் நடுங்கும். பிறகு நிமிராமலே, குறுக்கே வருகிற கைவண்டிக்கும் மாட்டுக்கும் விலகி, சிறு சிறு அடியாக ஓட்டமும் நடையுமாகக் கடைக்குள் போய்விடுவார். மத்தியானம் நடைபாதையில் சம்மணமிட்டு மலைபோலச் சோறு, மேலே சூடை மீன் குழம்பு. துறைமுகப் பக்கம் சூடை மலிவு. பெரிய மீன் வாங்க வக்கில்லாதவன் தின்னும் மீன் என்று அம்மா அதை வாங்கமாட்டார்.

சுமையும் சூடை மீனும். தசை பற்றி இன்றைய விஞ்ஞானம் சொல்வதன் சாரம் இவ்வளவுதான் என்றால் என் பேத்தி நம்பமாட்டாள். உடம்புக்கு வருமானம் குறைந்தால் அது சேமிப்பை எடுக்கும். சேமிப்பில் கொழுப்பும் இருக்கிறது, தசையும் இருக்கிறது. தசையைத் தினம் வேலை வாங்கி, அதைப் பழுதுபார்க்கப் புரதமும் கொடுத்தால், இது தேவைப்படுகிற சாமான் என்று உடம்பு அதை விட்டுவைத்துக் கொழுப்பில் கைவைக்கும். இரண்டும் இல்லாமல் பட்டினி மட்டும் கிடந்தால் இரண்டையும் சேர்த்து விற்றுத் தின்றுவிடும்.

இதை அளந்தும் பார்த்துவிட்டார்கள். கனடா ஹமில்டனிலுள்ள மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் (எங்கள் சொந்தக்காரரில் பாதிப்பேருக்கு அடுத்த ஊர்) இளைஞர்களுக்குத் தேவையான கலோரியில் 40 சதவீதத்தை வெட்டி, 4 வாரம் கடுமையான உடற்பயிற்சி கொடுத்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்து, 1.2 கிலோ கொழுப்பற்ற உடம்பைக் கூட்டிக்கொண்டார்கள். அதில் பாதிப் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கொழுப்பு 3.5 கிலோ குறைந்தது. தசை கூடவில்லை, ஆனால் போகவுமில்லை. பயிற்சி அதைப் பிடித்து வைத்துக்கொண்டது. 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று, பயிற்சி செய்கிறவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் அளவோடு பலன் நின்றுவிடுகிறது, மேலே கொட்டுவது பெரும்பாலும் வீண் என்கிறது.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தனா ஆட்சிக்கு வந்து இறக்குமதிக்குக் கதவைத் திறந்தார். பருப்பு வந்தது, மா வந்தது, சீனி வந்தது, கியூ போனது. கொத்துரொட்டித் தகரம் இரவெல்லாம் தாளம் போடத் தொடங்கியது. பிறகு 83 ஜூலைக் கலவரம். தொப்பையும் மெலிவும் பார்க்காமல் எல்லோரையும் ஒரே கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பியது. தொண்ணூறுகளில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை. அங்கிருந்து தப்பிக் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளில் விசாவுக்குக் காத்திருந்தவர்களின் கழுத்தெலும்பில் தண்ணீர் ஊற்றி வைக்கலாம்போல இருக்கும். அதே ஆட்கள் இன்று ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்து காலி வீதியில் இறங்கும்போது, காரின் ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு விடுகிறது. பெட்டியில் எங்களுக்குச் சொக்கலேற், அவர்களுக்குக் கொலஸ்ரோல் குளிசை.

நாங்களும் வெள்ளவத்தைக்கு இடம்பெயர்ந்து, ஏழாம் மாடியில் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். இங்கேதான் எனக்குத் தெரிவு செய்யும் பாக்கியம் கிடைத்தது. தெரிவுகளுக்குப் பஞ்சமில்லை.

ஸ்காபரோவிலிருக்கிற மூத்த மகள் வட்ஸ்அப்பில் கீட்டோ என்றாள். மாச்சத்தை ஏறக்குறைய அறவே விட்டுக் கொழுப்பைச் சாப்பிடுவது. 1921இல் அமெரிக்க மேயோ கிளினிக் டொக்டர் ரசல் வைல்டர் வலிப்பு நோயாளருக்காக வகுத்த முறை. அதற்கும் முன்னாலே 1863இல் லண்டனில் வில்லியம் பாண்டிங் என்கிற பிரேத அடக்கக்காரர், பாணையும் சீனியையும் கிழங்கையும் விட்டு மெலிந்த கதையைத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்து வெளியிட்டார். தன் தொழிலுக்கு ஆள் குறையும்படி பாடுபட்ட வேறு வியாபாரியை நான் அறியேன். கீட்டோவுக்கு வீட்டில் எதிர்ப்பு உடனே வந்தது. "சோறும் இடியப்பமும் இல்லாமல் பொல் சம்பலை எதோடை சாப்பிடப் போறியள்?" என்றாள் மனைவி. வாதம் அதோடு முடிந்தது.

பேத்தி, 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டு 8 மணி நேரத்துக்குள் சாப்பிடும் முறையை எடுத்து வந்தாள். மனைவி சிரித்தாள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதமிருக்கிறவளுக்கு இது விளையாட்டு. ஆனால் ஏழாம் நாள் பாறணையில் வடை, பாயசம், முக்கனி என்று இலையே தெரியாமல் பரிமாறி ஆறு நாளையும் திருப்பி எடுத்துக்கொள்வதும் அவளேதான். நான் வேறொன்றைக் கண்டு பயந்தேன். சான் பிரான்சிஸ்கோவில் 116 பேரை வைத்து 12 வாரம் இந்த முறையைச் சோதித்து 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். குறைந்த நிறையே சொற்பம். நேரில் வந்து அளவெடுத்துக்கொண்டவர்களிடம் அப்படிக் குறைந்ததில் ஏறக்குறைய 65 சதவீதம் கொழுப்பற்ற உடம்பிலிருந்து போயிருந்தது. எப்போது சாப்பிடுவது என்று மட்டும் சொல்லி, என்ன சாப்பிடுவது, எதைத் தூக்குவது என்று சொல்லாமல் விட்டதன் கைங்கரியம்.

எனக்கு அந்தளவு தொப்பை இல்லையே என்று தப்பிக்கவும் முடியவில்லை. புனேயின் டொக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் 'லான்செற்' இதழில் ஒரு படம் போட்டார். அவரும் அவருடைய நண்பரான ஆங்கிலேய டொக்டர் ஜோன் யட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடல் நிறைச் சுட்டெண் ஒன்றே, 22.3. ஆங்கிலேயர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியர் உடம்பில் 21.2. தராசு இருவரையும் ஒன்றென்றது. எங்கள் பக்கத்து ஒல்லி மனிதர் ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு கிளாக்கர் ஒளிந்திருக்கிறார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஆக, பெயருள்ள முறை எதையும் எடுக்காமல் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். என் நிறை 70 கிலோ, 1.6ஆல் பெருக்கினால் நாளுக்கு 112 கிராம் புரதம். காலையில் பத்து இடியப்பம் சாப்பிட்டால் கிடைப்பது ஏறக்குறைய ஒரு முட்டையின் புரதம். இந்த உண்மை தெரியாமல் யாழ்ப்பாணம் பல நூற்றாண்டுகளாக இடியப்பம் பிழிந்திருக்கிறது. இடியப்பத்தை நாலாக்கி இரண்டு முட்டை, ஊறவைத்து அவித்த ஒரு கைப்பிடி கடலை: 22. மத்தியானம் 150 கிராம் மீன், கெட்டியாக ஒரு பருப்புக் கறி, முன்பிருந்ததில் பாதிச் சோறு, கீரை: 50க்கு மேல். பின்னேரம் ஒரு கோப்பை எருமைத் தயிர்: 8. இரவு 100 கிராம் கோழி: 28. நூற்றுப்பத்தைத் தொட்டுவிடலாம். சிறுநீரகத்தில் குறையுள்ளவர்கள் இந்தக் கணக்கைத் தாமாகப் போடக்கூடாது. எனக்கு டொக்டர் இரத்தம் பார்த்துவிட்டுத்தான் தலையசைத்தார்.

பேரன் இத்தனைக்கும் பொறுமையில்லாமல் வே புரோட்டீன் வாளி ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். பாலாடைக்கட்டி செய்யும்போது வடிகிற தண்ணீர் அது. ஒரு காலத்தில் ஐரோப்பியப் பண்ணைகளில் பன்றிக்கு ஊற்றியதை உலர்த்தி, டப்பாவில் புஜத்தின் படம் ஒட்டி விற்கிறார்கள். நல்ல புரதம்தான், குறை சொல்லமுடியாது. ஆனால் அதே அலமாரியின் கீழ்த்தட்டில் நெத்தலிக் கருவாடு விளம்பரமில்லாமல் கிடக்கிறது. அதன் நிறையில் பாதிக்கு மேல் புரதம். உப்பைக் கழுவிவிட்டால் பிரஷர்காரரும் அளவோடு சாப்பிடலாம். வாசம்தான் அபார்ட்மென்ட் நிர்வாகக் குழுவுக்குப் பிடிக்காது.

இனிச் சுமை. அதற்கு ஜிம். குளிரூட்டிய மண்டபம், சுவரெல்லாம் கண்ணாடி, மாதச் சந்தா. பயிற்றுநர் பொடியன் மரியாதையானவன். முதலில் கதிரையில் இருந்து எழும்ப வைத்தான். பிறகு இரண்டு கையிலும் இரும்பைக் கொடுத்து மண்டபத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடக்க வைத்தான். போன மாதம் மணல் நிரப்பிய மூட்டையொன்றைக் கொண்டுவந்து, "அங்கிள், இதைத் தோளில வைச்சு நடவுங்கோ, முதுகை நேரா வையுங்கோ" என்றான். அதில் 15 கிலோ என்று அச்சடித்திருந்தது. எங்கள் நாட்டாமை பிடரியில் ஏறியதில் ஐந்திலொரு பங்குதான். நடந்தேன். கண்ணாடியில், அப்பாவின் முகச்சாயலுள்ள ஒரு கிழவர் தோளில் மூட்டையோடு போனார்.

என்னை ஜிம்முக்கு ஏற்றிப்போகும் ஓட்டோக்காரர் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தாத்தா புறக்கோட்டையில் நாட்டாமையாம். பேரனுக்கு நாள் முழுக்க ஓட்டோ சீற்றில் இருப்பு, மூன்று நேரமும் கடைச் சாப்பாடு, இடையிடையே ரோல்ஸ், பணிஸ், சீனி கொட்டிய தேத்தண்ணி. வயிறு ஹாண்டிலை எட்டிப்பிடிக்கிறது. ஒருநாள் கண்ணாடிக் கதவுக்குள்ளால் என்னைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் கேட்டார்: "ஐயா, மூட்டை தூக்குறதுக்கு மாசம் எவ்வளவு தாறாங்க?"

"நான்தான் அவங்களுக்குக் குடுக்கிறன்."

கிருலப்பனை வரை சிரித்துக்கொண்டு வந்திருப்பார். எங்கள் வீடு அதற்கு முன்பே வந்துவிட்டது.

இறங்கும்போது தனக்கும் சீனி இருக்கிறது, என்ன சாப்பிடலாம் என்று கேட்டார். என் பட்டியலைச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றுக்கும் வெள்ளவத்தைச் சந்தை விலையைச் சொல்லிக்கொண்டே வந்தார். மீனில் நின்றுவிட்டார். பிறகு அவர் கையில் நிற்கக்கூடியதாகத் திருத்தினோம்: முட்டை, கடலை, கௌபி, பருப்பு, சோயா மீட், நெத்தலி, மலிவான நாளில் சூடை, தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம், காலையில் ஓட்டோ எடுக்க முன் படிக்கட்டு ஏறி இறங்க வேண்டும்.

அந்தத் திருத்தத்தில்தான் இந்த விவகாரத்தின் முழு உண்மையும் கிடக்கிறது. மாச்சத்து எப்போதும் மலிவு, புரதம் எப்போதும் விலை. கையில் காசு குறைந்தால் தட்டிலிருந்து முதலில் எழுந்து போவது மீனும் முட்டையும் பாலும். சோறு கடைசிவரை உட்கார்ந்திருக்கும். 2022ஐ மறக்க முடியுமா? பால்மாவுக்கு கியூ, காஸுக்கு கியூ. கோழித்தீன் இல்லாமல் முட்டை விலை பறந்து, மறு ஆண்டு இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். போதிய உணவில்லாதோர் 63 இலட்சம் பேர் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. எழுபதுகளைப்போல அரசாங்கம் மீண்டும் நாட்டுக்கே ஒரு சாப்பாட்டு முறையைத் தெரிவு செய்தது. புரதத்தை முதலில் வெட்டுகிற முறை. கொழுப்பைக் கரைத்துத் தசையைக் காப்பது என்பது, மீனையும் சோற்றையும் பக்கத்தில் வைத்துவிட்டுச் சோற்றைத் தள்ளிவைக்க வசதியுள்ளவன் செய்கிற வேலை.

எனக்கு அந்த வசதி இருந்தது, பலனும் கிடைத்தது. இடுப்புப் பட்டியில் புதிய துளை போட்டாயிற்று. படி ஏற மூச்சு வாங்குவதில்லை. டொக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து, இப்படியே இருங்கோ என்றார்.

பிறகு ஒரு கலியாண வீடு வந்தது. பம்பலப்பிட்டியில் மண்டபம். வாசலில் பன்னீர் தெளித்த பெண்ணே ஒருமாதிரிப் பார்த்தாள். உள்ளே போனதும் சொந்தக்காரர் சூழ்ந்துகொண்டார்கள். "என்ன வருத்தம்?" "எந்த ஆஸ்பத்திரி?" "ஏன் எங்களுக்கு அறிவிக்கேல்லை?" கனடாக்காரர் ஒருவர் என்னைத் தூணோரம் தள்ளிப்போய், காசு ஏதும் தேவையென்றால் கூச்சப்படாமல் சொல்லும்படி காதில் சொன்னார். அவர்களுடைய கண்களெல்லாம் மனைவி பக்கம் திரும்பின; அவள் முகத்தில், அம்மாவின் முகத்தில் நான் அடிக்கடி கண்ட அதே குற்றவாளிக் களை. சாப்பாட்டு மேசையில் அவளே எழும்பி, எல்லோரும் பார்க்கத்தக்கதாக என் இலையில் மூன்றாவது கரண்டி பாயசத்தை ஊற்றினாள்.

"சாப்பிடுங்கோ" என்றாள் பல்லைக் கடித்தபடி. "உங்கடை தசையைச் சேர்ட்டுக்குள்ளை ஆர் பாக்கினம்?"